கிராஷ்கெர்னல் வரியைக் கெர்னல் படிக்கும் விதம்

லாஸ்பேட்டையில் உள்ள எங்கள் அலுவலகத்தில் சர்வர்களைக் கவனிக்கும் தம்பி ஒருவர் அண்மையில் ஒரு குழப்பத்தோடு வந்தார். கணினியைத் தொடக்கிவைக்கும் கிரப் நிரலின் அமைப்புக் கோப்பில் கிராஷ்கெர்னல்=512எம் என்று எழுதி (இயங்குதளத்தின் மையமான கெர்னல் நிலைகுலையும் நேரத்துக்கென 512 எம்பி நினைவகத்தை ஒதுக்கிவைக்கச் சொல்வது இது), அப்டேட்-கிரப் கட்டளையை ஓட்டி, ரீபூட்டும் செய்துவிட்டார்; ஒதுங்கியிருந்ததோ 192 எம்பி. "நான் எழுதியதைக் கெர்னல் படிக்கவே இல்லையா அண்ணே?" என்று கேட்டார். படிக்கத்தான் செய்தது, ஆனால் பூட் ஆகும்போது கெர்னலுக்குத் தரப்படும் கட்டளை வரியில், அதாவது பூட் வரியில், கிராஷ்கெர்னல் இரண்டு முறை இருந்தது. கெர்னல் விழும்போது நினைவகத்தைச் சேமிக்க உதவும் கேடம்ப் தொகுப்பு நிறுவப்படும்போது தன் பங்குக்கு ஒரு தனிக் கோப்பை வைத்து, அதன் மதிப்பை வரியின் இறுதியில் ஒட்டிவிடுகிறது. ஒன்றுக்கு மேல் இருந்தால் கடைசியில் வருவதையே லினக்ஸ் கெர்னல் எடுத்துக்கொள்ளும்.

கெர்னல் நிலைகுலைந்து பேனிக் ஆகும்போது இரண்டாவது கெர்னல் ஒன்று எழுந்து, முதல் கெர்னலின் நினைவகத்தைப் படமாகச் சேமிக்கிறது. 2005ஆம் ஆண்டு 2.6.13 பதிப்பில் வந்த வசதி இது. பந்தி தொடங்கும் முன்பே மாப்பிள்ளை வீட்டாருக்கு இலை பிடித்து வைப்பது போல, அந்த இரண்டாம் கெர்னலுக்கான இடத்தை பூட் தொடங்கிய உடனேயே, நினைவகம் துண்டு துண்டாகச் சிதறுவதற்குள், தொடர்ச்சியான ஒரே பகுதியாகப் பிடித்துவிட வேண்டும். (ஐப்பசி, கார்த்திகை மழையில் மின்சாரம் போய் சர்வர் அணைந்தால் இது உதவாது. அதை எங்கள் அலுவலகத்தில் எத்தனை முறை சொன்னாலும் யாராவது ஒருவர் மறுபடி கேட்கிறார்.)

இவ்வளவு சீக்கிரம் நடப்பதால், வழக்கமான நினைவக ஒதுக்கீட்டு வசதிகள் எதுவும் அப்போது தயாராக இருப்பதில்லை. ஆகவே இந்த வரியைப் படிக்கும் நிரல், பூட் வரியின் மீதே ஒரு சுட்டியை (பாயின்டர்) நகர்த்திக்கொண்டு எழுத்து எழுத்தாகப் போகிறது. அதன் வினோதங்களில் பல இந்தச் சிக்கனத்திலிருந்து பிறந்தவை என்பது என் கருத்து.

இந்த மதிப்பை எழுத 256எம் என்ற எளிய வடிவம் ஒன்று. 512எம்-2ஜி:64எம்,2ஜி-:128எம் என்று கணினியின் மொத்த நினைவகத்தைப் பொறுத்து அளவு மாறும் வரம்பு வடிவம் இன்னொன்று (512 எம்பி முதல் 2 ஜிபி வரை என்றால் 64 எம்பி, 2 ஜிபியிலிருந்து மேலே என்றால் 128 எம்பி). வந்திருப்பது எது என்பதை முக்காற்புள்ளியை வைத்து நிரல் முடிவு செய்கிறது. முக்காற்புள்ளி முதல் இடைவெளிக்கு முன்னால் வந்திருக்கிறதா என்றும் பார்க்கிறது. பார்க்காவிட்டால், பின்னால் வரும் வேறொரு விருப்பத்தேர்வில் இருக்கும் முக்காற்புள்ளியைக் கண்டு ஏமாந்துபோகும்.

எண்ணைப் படிப்பது மெம்பார்ஸ் என்ற சிறிய செயற்கூறு. கே, எம், ஜி போன்ற ஒரே ஓர் எழுத்தை மட்டும் அலகாக ஏற்கும். பெரிய எழுத்தா சிறிய எழுத்தா என்பது பொருட்டல்ல. எண் பூச்சியத்தில் தொடங்கினால் அதை எட்டடிமான எண்ணாக (0 முதல் 7 வரையான இலக்கங்களால் எழுதும் முறை) கொள்ளும் என்பதால், அழகுக்காக 064எம் என்று எழுதியவருக்கு 52 எம்பிதான் கிடைக்கும்.

எம் என்பதற்குப் பதிலாக எம்பி என்று எழுதினால் நடப்பதுதான் எனக்கு மிகவும் சுவையான இடம். எளிய வடிவத்தில் 256எம்பி என்று எழுதினால், எம் வரை படித்துவிட்டு, மிச்சமிருக்கும் எழுத்து புரியவில்லை என்று ஓர் எச்சரிக்கையைப் பதிந்து, எதையும் ஒதுக்காமல் பூட் தொடரும். வரம்பு வடிவத்திலோ, 512எம்-2ஜி:64எம்பி,2ஜி-:128எம் என்று எழுதப்பட்டிருந்தால், 64எம் என்பதற்கு அடுத்து காற்புள்ளி இல்லாததைக் கண்டு பட்டியல் முடிந்துவிட்டதாக எண்ணி அங்கேயே நின்றுவிடும். 4 ஜிபி உள்ள கணினிக்குரிய இரண்டாம் வரம்பு படிக்கப்படவே இல்லை, ஒதுக்கீடு பூச்சியம். அதே எழுத்து கடைசி வரம்பில் ஒட்டியிருந்தால் ஒரு முணுமுணுப்பும் இன்றி 128 எம்பி ஒதுங்கிவிடும். ஒரே பிழைக்கு மூன்று விளைவுகள் இருப்பதை நான் நல்ல வடிவமைப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் ஓர் அமைப்பு எழுத்துப் பிழைக்காக பூட்டையே நிறுத்துவதைவிட இது மேல்.

வரம்பின் தொடக்க எண் அதில் சேரும், முடிவு எண் சேராது. சரியாக 2 ஜிபி உள்ள கணினி இரண்டாம் வரம்புக்கு உரியது. ஆனால் வன்பொருளோடு வரும் ஃபர்ம்வேர் நிரல் சிறிது நினைவகத்தைத் தனக்கென எடுத்துக்கொள்வதால், அது 2 ஜிபிக்குக் குறைவாகத் தெரிந்து முதல் வரம்பில் விழுந்துகொண்டிருந்தது. புதிய கெர்னல்கள் மொத்த அளவை 128 எம்பியின் மடங்குக்கு மேல்நோக்கி முழுமையாக்கிய பிறகே ஒப்பிடுகின்றன.

தம்பியிடம், கிரப் கோப்பை நம்பாமல், பூட்டுக்குப் பின், கெர்னலுக்கு வந்து சேர்ந்த பூட் வரியைக் காட்டும், ப்ராக் அடைவில் உள்ள சிஎம்டிலைன் கோப்பையும், சிஸ் அடைவுக்குள் கெர்னல் பகுதியில் உள்ள கெக்ஸெக்_கிராஷ்_சைஸ் கோப்பையும் பார்க்கச் சொன்னேன். இரண்டாவதில் பைட் கணக்கில் உள்ள எண்ணே உண்மையில் ஒதுங்கிய இடம். அதில் சிறிய எண்ணை எழுதினால் மிச்ச இடம் கணினிக்குத் திரும்பிவிடும். கூட்டுவதற்கு மட்டும் மறுபடி ரீபூட் செய்தே ஆக வேண்டும்.