மூன்று மாதம் தாண்டிய வலிக்குக் கணக்கே வேறு

சுளுக்கு, அடி, அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய வலி இவற்றுக்கெல்லாம் நமக்குத் தெரிந்த வைத்தியம் சரிதான்: ஓய்வெடு, மாத்திரை போடு, ஆறும்வரை பொறு. ஆறு மாதமாக விடாத முதுகுவலிக்கும் அதையே செய்வதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற அல்லது திரும்பத் திரும்ப வருகிற வலியைத்தான் நாள்பட்ட வலி என்கிறார்கள். அதற்குள் காயம் பெரும்பாலும் ஆறியிருக்கும். ஆனால் தண்டுவடமும் மூளையும் வலிச் செய்தியைப் பெருக்கியே பழகிப்போயிருக்கலாம். லேசாகத் தொட்டால்கூட வலிப்பது அதனால்தான். தண்டுவடத்தில் நடக்கும் இந்த மாற்றத்தை 1983இல் கிளிஃபர்ட் வுல்ஃப் சோதனையில் காட்டினார். "எல்லாம் மனசுதான்" என்று நோயாளியை அனுப்பிவிடுவது இதனாலேயே தவறு, கொடுமையும்கூட. நரம்பு மண்டலத்தில் நிகழும் உண்மையான வலி இது. முடக்குவாதம், நீரிழிவால் வரும் நரம்புப் பாதிப்பு போன்றவற்றில் வலிக்கு அடிப்படையான நோய் இன்னும் உள்ளே இருக்கிறது. அங்கே முதல் வேலை அதைக் கட்டுப்படுத்துவது.

அடுத்தது ஸ்கேன். "டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள மெத்தை) தேய்ந்திருக்கிறது" என்ற ஒரு வரியைப் படித்துவிட்டுக் குனியவே பயப்படுகிறவர்கள் ஏராளம். முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015இல் வெளியான ஆய்வில், 20 வயதினரில் 37 சதவீதம் பேருக்கும் 80 வயதினரில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் இருந்தது. 50 வயதினரில் 60 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருந்தது. நரையைப் போல அதுவும் வயதின் அடையாளமாக இருக்கலாம். ஆனால் சிறுநீர் அல்லது மலம் கட்டுப்படாமல் போவது, சிறுநீர் கழிக்க முடியாமல் அடைபடுவது, தொடையிடுக்கு மரத்துப்போவது, கால் பலமிழந்துகொண்டே வருவது ஆகியவை அவசரம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வலியோடு காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, முன்பு புற்றுநோய் வந்த வரலாறு இருந்தாலும் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

ஓய்வு விஷயத்தில்தான் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. ஒருவர் படுத்தே இருப்பார். தசை மெலிந்து, மூட்டு இறுகி, சின்ன அசைவுக்கே வலி கூடும். இன்னொருவர் வலி குறைந்த நாளில் தேங்கிய வேலை அத்தனையும் முடித்துவிட்டு அடுத்த மூன்று நாள் எழ மாட்டார். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: அளவு வைத்து அசைவது. ஐந்து நாள் எவ்வளவு நேரம் நடந்தால் வலி ஏற ஆரம்பிக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 20, 8, 15, 10, 17 நிமிடம் என்றால் சராசரி 14. அதில் 80 சதவீதம், அதாவது 11 நிமிடம், உங்கள் தொடக்க அளவு. நல்ல நாளிலும் அதே 11, கெட்ட நாளிலும் முடிந்தவரை அதே 11. வாரத்துக்குச் சுமார் 10 சதவீதம் கூட்டலாம். வலிக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டால், நடக்கும்போது அது இரண்டு புள்ளிவரை கூடி, 24 மணி நேரத்துக்குள் பழைய நிலைக்குத் திரும்பினால் பயப்பட ஒன்றுமில்லை. திரும்பாவிட்டால் முந்தைய அளவுக்கு இறங்குங்கள், நிறுத்திவிடாதீர்கள். நல்ல நாளில் 11 நிமிடத்தோடு நிற்பதுதான் பலருக்கும் முடியாமல்போகிறது. திட்டம் உடைவதும் அங்கேதான்.

மாத்திரைக்கு வருவோம். பாராசிட்டமால் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு அதிகபட்சம் 4 கிராம், அதாவது 500 மி.கி. மாத்திரை எட்டு, கல்லீரல் கோளாறோ மிகக் குறைந்த எடையோ உள்ளவர்களுக்கு இன்னும் குறைவு. சளி மாத்திரையிலும் அது கலந்திருப்பதைக் கவனிக்காமல்தான் பலரும் அளவு மீறுகிறார்கள். இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் வகைகளைத் தொடர்ந்து போட்டால் வயிற்றில் புண், ரத்த அழுத்தம், சிறுநீரகப் பாதிப்பு வரலாம். ரத்த அழுத்த மாத்திரையும் சிறுநீர் பிரியும் மாத்திரையும் எடுப்பவர்களுக்குச் சிறுநீரக ஆபத்து கூடுதல். தலைவலிக்காரர்கள் நாள்காட்டியில் குறிக்க வேண்டும்: சாதாரண வலி மாத்திரை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, ஒற்றைத் தலைவலிக்கான டிரிப்டான் அல்லது பல மருந்து கலந்த கூட்டு மாத்திரை 10 நாளோ அதற்கு மேலோ என்று மூன்று மாதம் தாண்டினால், மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரலாம்.

இன்னும் வீரியமான ஓபியாய்டு (மார்ஃபின் போன்ற அபின் வகை மருந்து) வந்தால் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கையும் நிற்கவில்லை. நாள்பட்ட முதுகுவலியோ இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மான வலியோ உள்ள 240 பேரை 12 மாதம் கவனித்து 2018இல் வெளியான ஆய்வில், ஓபியாய்டு எடுத்தவர்களின் அன்றாடச் செயல்பாடு மற்ற மருந்து எடுத்தவர்களைவிட மேம்படவில்லை.

அமிட்ரிப்டிலின் எழுதிக் கொடுத்தால், "மன அழுத்த மாத்திரையைத் தருகிறார்களே" என்று மூன்றாம் நாளே நிறுத்திவிடுகிறார்கள். வலிக்கு அது வழக்கமாக இரவில் 10 மி.கி. என்ற சிறு அளவில் தொடங்கி மெல்லக் கூட்டப்படுகிறது. மன அழுத்தத்துக்கான அளவு அதைவிடப் பல மடங்கு. தூக்கக் கலக்கமும் வாய் வறட்சியும் முதல் வாரத்திலேயே வரும். பலன் தெரிய ஆறு வாரம்கூட ஆகலாம். இதயத் துடிப்புக் கோளாறு, கண் அழுத்த நோய், சிறுநீர் அடைப்பு இருந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

பலன் இருக்கிறதா என்று பார்க்க வலி பூஜ்யம் ஆகும்வரை காத்திருக்க வேண்டாம். 30 சதவீதம் குறைந்தாலே மருத்துவ ஆய்வுகள் அதைக் குறிப்பிடத்தக்க முன்னேற்றமாகக் கொள்கின்றன. எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், எத்தனை படி ஏறினீர்கள், எவ்வளவு நேரம் உட்கார முடிந்தது என்று எழுதிக்கொண்டு அடுத்த முறை மருத்துவரிடம் காட்டுங்கள். பலன் இல்லாத மருந்தை அவரிடம் கேட்டு நிறுத்திவிடலாம். ஆனால் நரம்பு வலிக்குத் தரும் கபாபென்டின், பிரிகாபலின், மற்றும் ஓபியாய்டு போன்றவற்றைப் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்.