அரை அங்குலக் காற்று

மே 9, வெள்ளி

ராத்திரி படுக்கும் முன் கண்ணாடியில் பார்த்தேன். வலப்பக்கம், உட்காரும் எலும்புக்கு நேர் கீழே, இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு இடம் கருத்திருக்கிறது. காலையில் பார்த்தபோது இல்லை.

மே 10, சனி

தூங்கவில்லை. மதினியை நடுராத்திரியில் எழுப்ப மனசு வரவில்லை. விடிந்ததும் புறங்கையை வைத்துப் பார்க்கச் சொன்னேன். சுற்றியுள்ள தோலைவிடச் சூடாக இருக்கிறது என்றார். அப்புறம் விரலால் அழுத்தி எடுக்கச் சொன்னேன். அழுத்தி எடுத்ததும் வெளுத்து, ரத்தம் ஓடி, நிறம் திரும்ப வேண்டும். வெளுக்கவில்லை. கருப்பு அப்படியே நின்றது. உட்கார்ந்தே இருப்பதால் வருகிற அழுத்தப் புண்ணின் தொடக்கம்.

புத்தகத்தில் படம் போட்டு 'சிவந்திருந்தால் கவனியுங்கள்' என்று எழுதுகிறார்கள். எல்லாப் படத்திலும் வெள்ளைத் தோல். நம் நிறத்தில் எங்கே சிவப்பு தெரியும்? கருக்கும், இல்லாவிட்டால் நாவல்பழ நிறம் தட்டும். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் சூடு தெரியும், தொட்டால் கெட்டியாக இருக்கும். வேலூர் பாகாயத்து மறுவாழ்வு மையத்தில் பயிற்சி எடுத்தபோது அந்த சிஸ்டர் என் கையைப் பிடித்து என் தோலிலேயே தடவிக் காட்டியது இதற்காகத்தான். சக்கர நாற்காலியில் இருக்கிற எனக்கு அங்கே உணர்ச்சி இல்லை, வலிக்காது. எனக்கு வலிக்காது என்பதுதான் இதில் பயமே.

அம்மா, "ஏட்டி, எறும்பு கடிச்சிருக்கும். தேங்காண்ணெய் போட்டு நல்லா தேய்ச்சா போயிரும்" என்கிறாள். தேய்க்கவே கூடாதும்மா, உள்ளே அடிபட்ட சதை இன்னும் நசுங்கும் என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

வேலூருக்கு ஃபோன் போட்டேன். பழைய நிறம் திரும்பும்வரை அதன்மேல் உட்காரவே வேண்டாம் என்றார் டாக்டர். எத்தனை நாள் என்று கேட்டேன். தோல்தான் சொல்லும் என்றார்.

ஜூன் 2 பள்ளி திறக்கிறது.

யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். இருபது நிமிடத்துக்கு ஒரு தரம் முன்னால் குனிகிறேன், நெஞ்சு தொடையில் படுகிற மாதிரி, முழுசாக இரண்டு நிமிடம். கையை ஊன்றி ஒரு நொடி எழும்பி இறங்கினால் போதாது, ரத்தம் திரும்ப ஓட நேரம் வேண்டும். எல்லாம் செய்துகொண்டுதான் இருக்கிறேன். அப்படியென்றால் வண்டியில் போட்டிருக்கிற காற்றுக் குஷன்தான்.

மே 11, ஞாயிறு

குப்புறப் படுத்தே இட்லி.

மே 12, திங்கள்

குஷனில் காற்று குறைந்திருக்கிறது என்றதும் அண்ணன் பம்பை எடுத்துவந்துவிட்டான். "நல்லா டைட்டா அடிச்சுத் தாரேன், இனிமே பிரச்சினையே வராது." அடிக்க விடவில்லை. டைட்டாக அடித்தால் எலும்பு உள்ளே அமிழாது, மேலேயே நிற்கும். அதுவும் புண்தான். ஆளும் ஒரு பக்கம் சாய்வேன். நான் உட்கார்ந்த பிறகு, குஷனுக்கும் எனக்கும் நடுவில் கையை விட்டு, தாழ்ந்து நிற்கிற எலும்பைத் தேடி, அதற்கும் அடித்தளத்துக்கும் இடையே அரை அங்குலம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கூடினால் ஒரு அங்குலம். அவ்வளவுதான் கணக்கு.

சனிக்கிழமை பெட்டுக்கு மாறும் முன்னால் மதினி கை விட்டுப் பார்த்தபோது எலும்பு தட்டிக்கொண்டிருந்தது. போன வாரம் சரியாக இருந்த காற்று எங்கே போனது?

மே 13, செவ்வாய்

சைக்கிள் கடை அண்ணாச்சியை வீட்டுக்கே கூட்டிவந்தான் அண்ணன் மகன். பெரிய அலுமினியச் சட்டியில் தண்ணீர் நிரப்பி என் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைக்கச் சொன்னேன். நான் பார்க்க வேண்டும்.

உறையைக் கழற்றிவிட்டுக் காற்றை நிறைய ஏற்றி, குஷனை ஓரம் ஓரமாகத் தண்ணீரில் அமுக்கினார். அவர் அவசரப்படவே இல்லை. ஒவ்வொரு வரிசையாக, கறுப்பு ரப்பர் குமிழ்களை விரலால் விலக்கி விலக்கி, தண்ணீர் அடங்கும்வரை பொறுத்து, அப்புறம் அடுத்தது. மூன்றாவது வரிசையில் ஒரு குமிழின் அடிப்பக்கத்தில் கடுகு அளவுக்கு ஒரு காற்றுமுட்டை கிளம்பி மேலே வந்து உடைந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் இன்னொன்று.

"டீச்சர், இது ஒரே நாள்ல இறங்காது. கொஞ்சம் கொஞ்சமாத்தான் இறங்கும்."

சைக்கிள் சொல்யூஷன் வேண்டாம் என்று சொல்லி, குஷனோடு வந்த ஒட்டுத்துண்டை எடுத்துக்கொடுத்தேன். ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, காயவைத்து, ஒட்டினார். ராத்திரி முழுக்கக் காற்றோடு வைத்து நாளைக் காலையில் பார்க்க வேண்டும்.

வந்தவர் வண்டியையும் விடவில்லை. குப்புறப் படுத்திருப்பதில் ஒரு வசதி, முன்சக்கரம் சரியாக என் கண்மட்டத்தில் இருக்கிறது. இடது சக்கரத்தின் அச்சில் மதினி முடி, அம்மா முடி, துண்டின் நூல், எல்லாம் சேர்ந்து கயிறாகச் சுற்றியிருந்தது. பிளேடால் அறுத்து, இடுக்கியால் இழுத்து எடுத்தார். சக்கரத்தைத் தட்டிவிட்டதும் அது பாட்டுக்குச் சுற்றியது. இத்தனை நாள் வண்டி இடது பக்கம் இழுத்ததற்கு இதுதான் காரணம். என் தோளில் ஒரு பக்கம் மட்டும் வலித்ததற்கும்.

எண்ணெய்க் குப்பியை எடுத்தார். வேண்டாம் அண்ணாச்சி, மூடின பேரிங், எண்ணெய் விட்டால் தூசிதான் ஒட்டும் என்றேன். சரி என்று உள்ளே வைத்துவிட்டார். பெரிய சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டுப் பார்த்தார், லேசாகக் கோட்டம் இருந்தது, எடுத்தார். அப்புறம் பிரேக்கைப் போட்டுத் தள்ளிப் பார்த்தார். வண்டி நகர்ந்தது.

எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

பிரேக் நல்ல பிரேக்தான். டயரில்தான் காற்று கம்மி. இந்த வண்டியில் பிரேக் என்பது டயரை அமுக்குகிற ஒரு கம்பி. டயர் உள்வாங்கினால் கம்பிக்குப் பிடிமானம் இல்லை. கட்டிலுக்கும் வண்டிக்கும் நடுவே பலகையில் நகரும்போது வண்டி விலகினால் நான் தரையில். காற்று அடித்ததும் அதே பிரேக் கப்பென்று பிடித்தது.

காசு வாங்க மாட்டேன் என்றார். மகள் நம் பள்ளியில்தான் படித்தாளாம்.

மே 14, புதன்

குஷன் காற்றைப் பிடித்து நிற்கிறது. கருப்பு அப்படியே.

மே 16, வெள்ளி

பத்தாம் வகுப்பு ரிசல்ட். காலையிலிருந்து ஃபோன். பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மார்க் சொன்னார்கள். கணக்கில் பயந்துகொண்டே இருந்த அந்தப் பெண் 71. படுத்துக்கொண்டே அழுதேன்.

சாயங்காலம் தலைமையாசிரியை, பள்ளி வாசலில் என் வண்டி ஏறக் கட்டிய சரிவின் படம் அனுப்பினார். 'ரேம்ப் ரெடி டீச்சர்.' பக்கச்சுவர் இன்னும் பூசவில்லை, அதனால் செங்கல் எல்லாம் தெரிகிறது. எண்ணினேன். உயரத்தில் 4 வரிசை, அதாவது ஒரு அடி. சரி, படி இரண்டும் சேர்ந்து அவ்வளவு வரும். அடிவரிசையின் நீளம் 6 செங்கல். கலவையைச் சேர்த்தாலும் 5 அடி வராது.

12 அடி வேண்டும். ஒன்றுக்குப் பன்னிரண்டு. மத்திய அரசின் 2021 வழிகாட்டு நெறிமுறையிலும் அதேதான். போன மாதமே தாளில் படம் வரைந்து, அளவு குறித்து, கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். 1:12 என்றால் 4.8 பாகை. இது 11 பாகையைத் தாண்டுகிறது. ஏறும்போது பின்னால் கவிழும். இறங்கும்போது சக்கர வளையம் உள்ளங்கையை உரித்துவிடும்.

ஒன்பதாம் வகுப்புக்கு முக்கோணவியல் நடத்துகிற கட்டடத்தின் வாசலில்.

மே 17, சனி

மறுபடியும் எண்ணினேன். 6 செங்கல்தான்.

மே 18, ஞாயிறு

மத்தியானம் கரண்ட் இல்லை. கத்திரி வெயில். முழங்காலுக்கு ஒரு தலையணை, இடுப்பெலும்பு படாமல் இரண்டு, பாதம் கட்டில் நுனிக்கு வெளியே.

மேரி வர்கீஸை நினைத்துக்கொண்டிருந்தேன். பாகாயத்தில் வராந்தாவில் அவர் படம் இருக்கும். 1954இல் விபத்து. அதற்குப் பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். நான் பயிற்சி எடுத்த அந்த இடம் 1966இல் அவர் ஏற்படுத்தியது. அங்கே இருந்தபோது தினமும் அந்தப் படத்தைத் தாண்டித்தான் போவேன், அவரைப் பெரிய டாக்டர் என்று மட்டும்தான் நினைத்திருக்கிறேன். இன்றைக்கு வேறு விஷயம் தோன்றியது. அந்தக் காலத்து நாற்காலி. இந்தக் குஷன் கிடையாது. மணிக்கணக்காக ஒரு அறுவை முடியும்வரை அவர் எப்படி உட்கார்ந்திருப்பார்? யாராவது அவர் தோலைப் பார்த்தார்களா?

மே 20, செவ்வாய்

பெரியம்மா வீட்டிலிருந்து வந்தவர்கள் காய்கறிப் பை இரண்டையும் என் வண்டியின் பின்பிடியில் மாட்டியிருக்கிறார்கள். ஆள் இல்லாத வண்டி. மல்லாந்து விழுந்துவிட்டது. நல்லவேளை குழந்தை கொஞ்சம் தள்ளி நின்றது. வெயிலில் நிறுத்தாதீர்கள் என்று சொன்னதும் யாருக்கும் ஞாபகம் இல்லை, முற்றத்திலேயே விட்டிருந்தார்கள். இரும்பு கொதிக்கிறது. அதில் என் கால் பட்டால் எனக்குத் தெரியாது, சதை வெந்த பிறகு பார்த்துத்தான் தெரியும்.

கத்திவிட்டேன். பெரியம்மா கண் கலங்கிவிட்டது. அம்மா என்னோடு பேசவில்லை. இருந்தாலும் அது என் கால். யாரும் உங்கள் காலில் பையை மாட்டுவதில்லை.

மே 21, புதன்

அம்மா பேசிவிட்டாள்.

மே 22, வியாழன்

மதினி அழுத்திப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இன்னொரு தரம் அழுத்தினார். "வெளுக்குது." கண்ணாடியைக் கொண்டுவரச் சொல்லி நானும் பார்த்தேன். ஆமாம். வெளுத்தது, திரும்பியது. சூடும் இல்லை. ஓரத்தில் மட்டும் நிழல் மாதிரி ஒரு கருப்பு.

வேலூரில், இன்னும் பொறுங்கள், நிழலும் போகட்டும் என்றார்கள்.

பொறுக்கிறேன். பொறுத்துக்கொண்டுதானே இருக்கிறேன்.

மே 25, ஞாயிறு

மேற்கே மழை பிடித்துவிட்டது. இங்கே சாரல்தான், ஆனால் காற்று குளிர்ந்துவிட்டது. குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதாம்.

இன்று உட்கார்ந்தேன். 15 நிமிடம்.

பிரேக்கை இரண்டு பக்கமும் தள்ளிப் பார்த்து, கால்தாங்கியை விலக்கி, பலகை போட்டு. மதினி கை விட்டுப் பார்த்தார். அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதல். அப்புறம் நானே கொஞ்சம் பின்னால் உருட்டி முன்சக்கரங்களை முன்னோக்கித் திருப்பிக்கொண்டு, குனிந்து தரையில் கிடந்த பேனாவை எடுத்தேன். சக்கரம் முன்னால் நீண்டு நின்றால் குனியும்போது வண்டி குப்புறச் சாயாது. பேனா வேண்டும் என்றில்லை. குனிய வேண்டும் என்றிருந்தது.

இறங்கியதும் பார்த்தோம். தோல் சுத்தம்.

மே 27, செவ்வாய்

அரை மணி. சுத்தம். ராத்திரி செங்கல் கனவு.

மே 30, வெள்ளி

ஒரு மணி நேரம் தாங்குகிறது என்று தெரிந்த பிறகு பள்ளிக்குப் போய்வந்தோம். துப்பட்டாவை இரண்டு பக்கமும் உள்ளே செருகிக்கொண்டேன், ஸ்போக்ஸில் மாட்டினால் கழுத்தை இழுக்கும்.

சரிவு இப்போது பூசியிருக்கிறது. வழவழவென்று. பள்ளிக்குள்ளே மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது, கரும்பலகையைக்கூடத் தாழ்த்தி வைத்திருக்கிறார்கள். வாட்ச்மேன் அண்ணன் ஓடிவந்து, "நான் தூக்கிடுதேன் டீச்சர்" என்று கைதாங்கியைப் பிடித்துத் தூக்கினார். அது கழன்று வருகிற கைதாங்கி. கையோடு வந்துவிட்டது. அண்ணன் பின்னால் பிடித்திருந்ததால் வண்டி அசையவில்லை. வாட்ச்மேன் அண்ணன் முகம் வெளிறிப்போனது. அவரை உட்காரவைத்து, எது அசையாத சட்டம், எது கழலும், எங்கே பிடிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். இறங்கும்போது வண்டியைத் திருப்பி, நான் சரிவுக்கு முதுகைக் காட்டியபடி, பின்பக்கமாக இறக்க வேண்டும் என்றும். அவர் கவனமாகக் கேட்டார். ஒரு தரம் காலி வண்டியை இறக்கியும் காட்டினார்.

ஆனால் தினமும் நான் யாரையாவது எதிர்பார்த்து வாசலில் நிற்க முடியாது. தலைமையாசிரியையிடம் அதைச் சொன்னேன். அவர் நல்லவர். கொத்தனார் இடம் போதாது என்றாராம், இவர் சரி என்றுவிட்டாராம். வாசலுக்கு நேராக இடம் இல்லைதான். சுவரை ஒட்டித் திருப்பினால் 12 அடியும் தாராளமாக வரும் என்று அங்கேயே சாக்பீஸால் தரையில் கோடு போட்டுக் காட்டினேன். புது பட்ஜெட் வரட்டும் என்றார்.

மே 31, சனி

தோல் சுத்தம். குஷன் சரி. டயர் சரி. நட்டு எல்லாம் முறுக்கிப் பார்த்தாயிற்று.

அண்ணன் வெல்டிங் பட்டறையில் சொல்லி, பள்ளிச் சுவரை ஒட்டிப் போட, செக்கர் பிளேட் தகட்டில் 6 அடிச் சரிவுத் துண்டு இரண்டு அடித்திருக்கிறான். நடுவில் தாங்கு கால், ஓரத்தில் சக்கரம் நழுவாமல் இரண்டு அங்குல விளிம்பு. ஓசைப்படாமல் செய்துவிட்டு, முற்றத்தில் பொருத்திவிட்டுத்தான் கூப்பிட்டான். நானே ஏறினேன். யாரும் பிடிக்கவில்லை. நானே இறங்கினேன்.

அப்புறம் மதினி ஒரு வாளித் தண்ணீரை அதன்மேல் ஊற்றச் சொன்னார். நாளை மறுநாள் மழை இருந்தால்? ஊற்றியதும் மறுபடி ஏறிப் பார்த்தேன். பாதியில் சக்கரம் வழுக்கியது. பட்டறையில் மணல் கலந்த பெயின்ட் அடித்துத் தருவார்களாம். காய ஒரு நாள் வேண்டும்.

ஜூன் 1, ஞாயிறு

பெயின்ட் இன்னும் விரலில் ஒட்டுகிறது. சாரல் நிற்கவில்லை, ஷெட்டுக்குள் ஃபேன் போட்டு வைத்திருக்கிறார்கள்.

முதல் பீரியட் 9-பி. 45 நிமிடம். இரண்டு தரம் குனிய வேண்டும். பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன், டீச்சர் குனிந்தால் பயப்படாதீர்கள், அந்த இரண்டு நிமிடம் நீங்கள் ஒரு கணக்கைப் போடுங்கள் என்று.

இரண்டு துண்டும் ஆட்டோவில் ஏறாது. அண்ணன் குட்டியானை ஒன்று சொல்லி வைத்திருக்கிறான், காலை 7 மணிக்கு. டிரைவர் இன்னும் ஃபோன் எடுக்கவில்லை.