பூட்டும் கத்தி, பூட்டாத கத்தி

லண்டனின் வடமேற்கில், ஹாரோ பக்கம், எனக்குக் கையகல நிலம் இருக்கிறது. நகராட்சி வருட வாடகைக்கு விடும் தோட்டத்துண்டு; இங்கே அலாட்மென்ட் என்பார்கள். வெந்தயக்கீரை, பூசணி, வெயில் மனசு வைத்தால் கொஞ்சம் அவரை. சணல் கயிறு அறுக்க, பூசணிக் காம்பு வெட்ட, நடுவில் ஓர் ஆப்பிள் நறுக்க என்று எப்போதும் ஒரு கத்தி வேண்டியிருந்தது. சமையலறைக் கத்தியைத் துண்டில் சுற்றி இரண்டு வாரம் கொண்டுபோனேன். மூன்றாவது வாரம் மனைவி, "வெங்காயத்தை நான் பல்லால கடிக்கணுமா?" என்று கேட்டுவிட்டாள். சரி, மடக்குக் கத்தி ஒன்று வாங்கிவிடலாம் என்று இறங்கினேன்.

முதலில் கண்ணில் பட்டது ஒப்பினெல். பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் 1890 முதல் செய்கிறார்கள். பீச் மரக் கைப்பிடி, ஒற்றை அலகு, அவ்வளவுதான். எட்டாம் எண்தான் எல்லோரும் வாங்குவது, அலகு 8.5 சென்டிமீட்டர். கைப்பிடியின் கழுத்தில் ஓர் உலோக வளையம். அலகை விரித்து வளையத்தைத் திருப்பினால் 'டிக்' என்று பூட்டிக்கொள்ளும், பிறகு எவ்வளவு அழுத்தினாலும் விரல் மேல் மடங்காது. 1955இல் சேர்த்த ஏற்பாடாம். எனக்கு அந்த 'டிக்' சத்தமே விலைக்குத் தகும் என்று தோன்றியது. இணையத்தில் சொல்லி வைத்தேன். கொண்டுவந்த பையன் வாசலில் நின்று அடையாள அட்டை கேட்டான். நரைத்த மீசையைப் பார்த்துவிட்டும் கேட்டான்.

அடுத்த சனிக்கிழமை அதைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். பக்கத்துத் துண்டில் யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவர் முப்பது வருடமாகத் தோட்டம் போடுகிறார். கத்தியை வாங்கிப் பார்த்தார், வளையத்தைத் திருப்பினார், திருப்பிக் கொடுத்தார்.

"தம்பி, உதை பஸ்ஸிலயே கொண்டு வந்தனீர்?"

"ஆமாண்ணே, சின்னக் கத்திதானே."

"சின்னன் பெரிசு இல்லை. உது பூட்டுற கத்தி. பொலிஸ் மறிச்சா உம்மட கதை கந்தல்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அன்று இரவு சட்டத்தைத் தேடி உட்கார்ந்தேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இதற்கு அடிப்படை 1988ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டம், பிரிவு 139. பொது இடத்தில் அலகோ கூர்முனையோ உள்ள எதையும் தக்க காரணம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். அதிகபட்சம் நான்கு ஆண்டு சிறை. விதிவிலக்கு ஒன்றே ஒன்று: மடக்கும் பாக்கெட் கத்தி, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு, அதாவது 7.62 சென்டிமீட்டருக்கு மிகாமல் இருக்க வேண்டும். இதற்கு மட்டும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. என் ஒப்பினெல் நீளத்திலேயே தோற்றுவிட்டது.

பூட்டு என்ற சொல் அந்தப் பிரிவில் எங்குமே இல்லை. அது நீதிமன்றத்தில் வந்து சேர்ந்தது. 1990களின் தொடக்கத்தில் ஒரு வழக்கில், 'மடக்கும் கத்தி' என்றால் எந்த நேரத்திலும், வேறு எதையும் அழுத்தாமல் திருகாமல், அப்படியே மடக்க முடிய வேண்டும் என்று தீர்ப்பானது. பூட்டை விடுவித்த பிறகே மடங்கும் என்றால், சட்டத்தின் கண்ணில் அதுவும் சமையலறைக் கத்தியும் ஒன்றுதான். அலகு ஓர் அங்குலமே இருந்தாலும் சரி.

இதை நான் மூன்று முறை படித்தேன். பூட்டு என்பது விரலைக் காப்பாற்ற வைத்தது. விரலைக் காப்பாற்றும் கத்தியைத் தெருவில் கொண்டுபோகக் காரணம் வேண்டும். எப்போது விரல்மேல் மடங்குமோ தெரியாத கத்திக்குக் காரணமே வேண்டாம்! பூட்டினால் அது குத்துவதற்குத் தோதாகிவிடுகிறது என்ற யோசனை இருக்கலாம், புரிகிறது. ஆனாலும் கயிறு அறுக்கிறவனுக்கு இது வயிற்றெரிச்சல்.

தோட்டத்துக்குப் போகிறேன் என்பது தக்க காரணம் ஆகாதா? ஆகலாம். வேலை, மதம் (சீக்கியர்கள் அணியும் கிர்பான் என்ற குறுவாள்), தேசிய உடை இவற்றைச் சட்டமே குறிப்பிடுகிறது. மற்றதை நீதிமன்றம் பார்த்து முடிவு செய்யும். ஆனால் காரணத்தை நிரூபிக்க வேண்டியது வைத்திருப்பவர். தோட்டம் முடிந்து அதே பாக்கெட்டோடு கடைக்குப் போய், 'மறந்துவிட்டேன்' என்றால் அது மட்டும் போதாது. தற்காப்புக்கு என்று சொன்னால் நாமே வம்பை விலைக்கு வாங்குகிறோம். மூன்று அங்குலத்துக்குள் இருக்கும் சாதுக் கத்திகூட, யாரையாவது தாக்கும் எண்ணத்தோடு கையில் இருந்தால் ஆயுதம்தான். அதற்கு 1953ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் பாயும் கத்தியும், இரண்டு கைப்பிடி விரியும் பட்டாம்பூச்சிக் கத்தியும் 2021 முதல் வீட்டில் வைத்திருப்பதே குற்றம்.

இந்தியாவில் கணக்கே வேறு. அங்கே ஆயுத விதிகளின் அட்டவணையில் வரும் அளவு 9 அங்குல நீளம் அல்லது 2 அங்குல அகலத்துக்கு மேல். வீட்டுக்கும் விவசாயத்துக்கும் செய்தவை அதிலும் சேராது. அப்பா இடுப்பில் பேனாக்கத்தி செருகிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றிய பழக்கத்தில் வளர்ந்தவனுக்கு, ஒரு வளையத்துக்காக இவ்வளவு படிக்க வேண்டியிருந்தது.

அப்புறம் பூட்டாத கத்தி தேடும் படலம். ஒப்பினெல்லிலேயே ஐந்தாம் எண் வரை வளையம் கிடையாது என்று தெரிந்து ஐந்தை வாங்கினேன். அலகு 6 சென்டிமீட்டர். மரத்தின் இறுக்கம்தான் அலகைப் பிடித்து நிறுத்துகிறது. ஒரு வாரம் நன்றாக இருந்தது. மழையில் நனைந்ததும் மரம் ஊதி அலகைக் கவ்விக்கொண்டது. சேற்று விரலோடு நகத்தை உடைத்துக்கொண்டதுதான் மிச்சம்.

சிவப்புக் கைப்பிடி சுவிஸ் கத்தி நல்ல கத்திதான். மடக்கிய நிலையில் 91 மில்லிமீட்டர் நீளம் வருபவை பூட்டுவதில்லை; 111 மில்லிமீட்டர் பெரியவற்றைப் பார்த்து வாங்க வேண்டும், அவற்றில் பூட்டு இருக்கும். ஆனால் பாட்டில் திறக்கும் திருகாணி என் உள்ளங்கையில் உறுத்தியது. குறடு வைத்த மல்டி டூல் ஒன்றைக் கிட்டத்தட்ட வாங்கிவிட்டேன். கடையில் விரித்துப் பார்த்தால் உள்ளே இருந்த கத்தி பூட்டிக்கொண்டது. பத்துக் கருவிக்கு நடுவில் ஒளிந்திருந்தாலும் பூட்டு பூட்டுதான்.

கடைசியில் ஷெஃபீல்டுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது தீர்ந்தது. துருப்பிடிக்காத எஃகை 1913இல் ஹாரி பிரியர்லி உருக்கிய ஊர். சின்னக் கடை ஒன்றில் பெரியவர் ஒருவர் துணியை விரித்து ஐந்தாறு கத்திகளை வைத்தார். நான் எடுத்தது லாம்ப்ஃபுட் என்ற வடிவம்: வெட்டும் விளிம்பு நேர்கோடு, முதுகு கடைசியில் சரிந்து இறங்கும், முனை மொண்ணையாக இருக்கும். பார்த்தால் யாருக்கும் பயம் வராது. கைப்பிடியின் முதுகில் ஒரு வில், அதாவது ஸ்பிரிங், அலகை அழுத்திப் பிடித்திருக்கிறது; பூட்டு இல்லை. பாதி விரித்தால் தயங்கி நின்று, பிறகு 'சடக்' என்று போய் உட்காரும். டேப் வைத்து விளிம்பை அளந்தேன். பெரியவர் என்னைப் போல நிறையப் பேரைப் பார்த்திருப்பார்போல, ஒன்றும் சொல்லவில்லை. கரிம எஃகு என்பதால் எலுமிச்சை வெட்டினால் கறுக்கும். தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு தடவி வைக்கிறேன்.

முதல் மாதமே உர மூட்டையைக் குத்திக் கிழிக்கப் பார்த்தேன். தடித்த பிளாஸ்டிக், முனை இறங்காமல் அலகு பின்னால் மடங்கி ஆள்காட்டி விரலில் இறங்கியது. ரத்தம் வெந்தயக்கீரை மேல் சொட்டியது. அண்ணர் ஓடிவந்து கைக்குட்டையால் கட்டினார். "வில்லுக் கத்தியால குத்தக்கூடாது தம்பி, இழுத்துத்தான் வெட்டோணும்" என்றார். தழும்பு இன்னும் இருக்கிறது.

எட்டாம் எண் ஒப்பினெல் வீட்டை விட்டு வெளியே போவதில்லை. வீட்டில் வைத்திருக்க எந்தத் தடையும் இல்லை. அதை இப்போது மனைவி எடுத்துக்கொண்டாள். சமையலறையிலிருந்து காலையில் முதலில் கேட்பது அந்த 'டிக்'. அப்புறம்தான் வெங்காயம் நறுக்கும் சத்தம்.