டிஸ்க்கில் பெயரில்லாமல் ஒரு பார்ட்டிஷன் தெரிந்தால்

சி டிரைவ் நிறைந்து சிவப்பாகிவிட்டால் நம் ஆட்கள் முதலில் தேடுவது எங்கிருந்து இடம் பிடுங்கலாம் என்றுதான். யூடியூபில் யாரோ சொன்னதைக் கேட்டு, டிஸ்க் எப்படிப் பிரிந்திருக்கிறது என்று விண்டோஸ் காட்டுகிற டிஸ்க் மேனேஜ்மென்ட் வரைக்கும் போய்விடுவார்கள். அங்கே பெயரும் இல்லாமல், டி, ஈ என்று எழுத்தும் இல்லாமல் ஒரு கட்டம், அதாவது டிஸ்க்கில் பிரித்த ஒரு பகுதி (பார்ட்டிஷன்) இருக்கும், மேலே இருக்கிற பட்டியலில் அதற்கு நேராக "100 % ஃப்ரீ" என்று போட்டிருக்கும். அவ்வளவுதான், சும்மா கிடக்கிற இடம் என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

அந்த 100 சதவீதத்தை நம்பவே கூடாது. விண்டோஸால் ஒரு பார்ட்டிஷனுக்குள் என்ன இருக்கிறது என்று படிக்க முடியாவிட்டால், முழுவதும் காலி என்றே காட்டிவிடும். விண்டோஸ் கெட்டுப்போனால் சரிசெய்ய அதுவே வைத்திருக்கிற ரெக்கவரி பார்ட்டிஷனுக்குக்கூட அப்படித்தான் காட்டுகிறது. "எனக்குத் தெரியவில்லை" என்று சொல்ல வேண்டிய இடத்தில் "ஒன்றுமில்லை" என்று சொல்கிற இந்தப் பழக்கத்தை மைக்ரோசாஃப்ட் இத்தனை வருடமாக ஏன் மாற்றவில்லை என்பது எனக்குப் புரியவில்லை.

இடம் நிஜமாகவே காணோமா என்பதை முதலில் பார்த்துவிடுங்கள். 500 ஜிபி என்று எழுதி வாங்கிய டிஸ்க் விண்டோஸில் 465 என்றுதான் தெரியும், 1 டிபி என்றால் 931. தயாரிப்பவர் 1000-ஆல் பெருக்கிக் கணக்குப் போடுகிறார், விண்டோஸ் 1024-ஆல் வகுத்துக் காட்டுகிறது, அதனால் வருகிற வித்தியாசம் அது. ஒளித்து வைத்த 35 ஜிபியைக் கண்டுபிடித்துத் தரச் சொல்லி என்னிடம் வந்தவர்கள் உண்டு.

அது இல்லையென்றால் விண்டோஸ் கீயையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி டிஸ்க்எம்ஜிஎம்டி.எம்எஸ்சி (diskmgmt.msc) என்று ஆங்கிலத்தில் அடித்துத் திறந்து, அளவைப் பாருங்கள். பாதி ரகசியம் அளவிலேயே தெரிந்துவிடும். 100 எம்பியோ 260 எம்பியோ இருந்து இஎஃப்ஐ என்று போட்டிருந்தால் அது விண்டோஸை எழுப்பிவிடுகிற பகுதி. பழைய விண்டோஸ் 7 மெஷினில் அதே வேலையை 100 எம்பி "சிஸ்டம் ரிசர்வ்ட்" செய்யும். டிஸ்க்கின் கடைசியிலோ சி டிரைவுக்கு அடுத்தோ சில நூறு எம்பியில் இருப்பது பெரும்பாலும் ரெக்கவரி. இதுவே சிலரிடம் இரண்டு மூன்று இருக்கும். விண்டோஸ் பெரிய அப்டேட் ஆகும்போது பழைய ரெக்கவரி பார்ட்டிஷனில் இடம் போதாவிட்டால் புதிதாக ஒன்றைப் போட்டுக்கொண்டு பழையதை அப்படியே விட்டுவிடும். எது நிஜமாகப் பயன்பாட்டில் இருக்கிறது என்று தெரிய, கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து ரீஏஜென்ட்சி என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்வுக் கோடு போட்டு இன்ஃபோ (reagentc /info) என்று கொடுத்தால், எந்த டிஸ்க்கில் எத்தனையாவது பார்ட்டிஷன் என்று எண்ணோடு சொல்லும். 2024 ஜனவரியில் விண்டோஸ் 10-க்கு வந்த ஒரு அப்டேட், இந்த ரெக்கவரி பார்ட்டிஷனில் 250 எம்பி காலி இல்லை என்பதற்காக 0x80070643 என்ற எண்ணைக் காட்டி ஏராளமானவர்களிடம் தோற்றது. அதுவரை இப்படி ஒன்று இருப்பதே தெரியாதவர்கள்கூட அப்போதுதான் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தார்கள்.

இன்னொரு குறிப்பு ரைட் க்ளிக்கில் கிடைக்கும். இஎஃப்ஐ, ரெக்கவரி இரண்டின் மேலும் ரைட் க்ளிக் செய்தால் "ஹெல்ப்" தவிர வேறொன்றும் வராது. தன் வீட்டுச் சொத்தை விண்டோஸ் பூட்டித்தான் வைத்திருக்கிறது. ஆனால் தனக்குத் தெரியாத லினக்ஸ் (விண்டோஸ் மாதிரி இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டம்) பார்ட்டிஷன் என்றால் "டெலீட் வால்யூம்" என்று தாராளமாக நீட்டும். சிக்கல் அங்கேதான்.

முத்துப்பேட்டைப் பக்கம் என் அத்தை மகன் இருக்கிறார், அறுவடை மெஷின் வாடகைக்கு விடுகிறவர். சம்பா அறுவடை நேரத்தில் எந்த வயலுக்கு எத்தனை மணி நேரம் ஓடியது, டீசல் எவ்வளவு, யார் பாக்கி என்று எல்லாவற்றையும் ஒரு பழைய லேப்டாப்பில்தான் ஏற்றி வைத்திருக்கிறார். அவருடைய தங்கைக்குக் காலேஜில் கிடைத்த விலையில்லா மடிக்கணினி அது. தங்கை கல்யாணமாகிக் கரூர் போன பிறகு இவரிடம் வந்தது. "மாப்ளே, இதுல இருபது ஜிபி சும்மா கெடக்கு, பக்கத்துல கடையில காட்டுனேன், அழிச்சுத் தர்றேன்னு சொல்றான், அழிச்சிரட்டுமா?" என்று போன் போட்டார். "அத்தான், நான் வர்ற வரைக்கும் யாரையும் தொட விடாதீங்க" என்றேன்.

போய்ப் பார்த்தால், 320 ஜிபி டிஸ்க், விண்டோஸ் கணக்கில் 298. சி, டி இரண்டும் கருநீலப் பட்டையில் ஒழுங்காகப் பெயரோடு இருந்தன. அதற்கு அப்புறம் பச்சைக் கோடு போட்ட ஒரு பெட்டி, அதற்குள் பெயரில்லாமல் இரண்டு கட்டம், ஒன்று இருபது ஜிபி சொச்சம், இன்னொன்று இரண்டு ஜிபி சொச்சம். பச்சைக் கோடு என்றால் எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன். பழைய எம்பிஆர் முறையில் பிரித்த டிஸ்க்கில் நான்கு பிரைமரிக்கு (முதன்மைப் பார்ட்டிஷனுக்கு) மேல் போட முடியாது, அதனால் ஒன்றை எக்ஸ்டெண்டட் ஆக்கி அதற்குள் லாஜிக்கல் டிரைவ்களை அடைப்பார்கள். பெரியது ஒன்று, அதன் பக்கத்திலேயே ரேம் அளவுக்குச் சின்னது ஒன்று என்று ஜோடியாகப் பார்த்தாலே எனக்கு லினக்ஸ் ஞாபகம்தான் வரும், சின்னது ஸ்வாப், ரேம் போதாதபோது லினக்ஸ் பயன்படுத்துகிற இடம்.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள டிஸ்க்பார்ட் போதும். கமாண்ட் ப்ராம்ப்ட்டில் டிஸ்க்பார்ட் என்று அடித்து உள்ளே போய், லிஸ்ட் டிஸ்க், செலக்ட் டிஸ்க் 0, லிஸ்ட் பார்ட்டிஷன், அப்புறம் சந்தேகப்படுகிற எண்ணைப் போட்டு செலக்ட் பார்ட்டிஷன், கடைசியாக டீட்டெயில் பார்ட்டிஷன். எல்லாம் ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும். லிஸ்ட், செலக்ட், டீட்டெயில் இந்த மூன்றைத் தவிர அங்கே வேறெதையும் அடிக்காதீர்கள், க்ளீன் என்று ஒரு வார்த்தை அடித்தால் "நிச்சயமாகவா?" என்று ஒரு பேச்சுக்குக்கூடக் கேட்காமல் டிஸ்க்கின் பார்ட்டிஷன் அட்டவணை முழுவதையும் துடைத்துவிடும். வருகிற பதிலில் "டைப்" என்று ஒரு வரி இருக்கும், பார்க்க வேண்டியது அதை மட்டும்தான். பழைய எம்பிஆர் டிஸ்க் என்றால் இரண்டு எழுத்து எண்: 07 என்றால் என்டிஎஃப்எஸ், அதாவது சாதாரண விண்டோஸ் டிரைவ். 27 என்றால் ஒளித்து வைத்த ரெக்கவரி. 83 லினக்ஸ், 82 லினக்ஸ் ஸ்வாப். அத்தான் லேப்டாப்பில் 83, 82 இரண்டும் வந்தன.

புது மெஷின்களில் ஜிபிடி முறை, அங்கே டைப் வரியில் நீளமாக ஒரு குறியீடு வரும், முதல் எட்டு எழுத்தைப் பார்த்தால் போதும். சி12ஏ7328 என்று தொடங்கினால் இஎஃப்ஐ, டிஈ94பிபிஏ4 என்றால் ரெக்கவரி, 0எஃப்சி63டிஏஎஃப் என்றால் லினக்ஸ். ஈ3சி9ஈ316 என்று 16 எம்பியில் ஒன்று இருக்கும், அது மைக்ரோசாஃப்ட் ரிசர்வ்ட், டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் கண்ணுக்கே தெரியாது, டிஸ்க்பார்ட்டில்தான் தெரியும். ஒன்று கவனியுங்கள், லினக்ஸுக்கென்று தனிக் குறியீடு வருவதற்கு முன்னால் லினக்ஸ் கருவிகளும் விண்டோஸின் சாதாரண டேட்டா குறியீட்டையே போட்டுக்கொண்டிருந்தன. அப்படிப்பட்ட டிஸ்க்கை மாட்டினால் விண்டோஸ் அதைத் தன்னுடையது என்று நினைத்து எழுத்துக் கொடுத்து, படிக்க முடியாமல், "ஃபார்மட் செய்ய வேண்டும்" என்று பெட்டி காட்டும். அந்தப் பெட்டியில் கேன்சல் மட்டுமே சரியான பதில்.

சரி, இந்த லேப்டாப்பில் லினக்ஸ் எப்படி வந்தது? யாரும் போடவில்லை, வரும்போதே இருந்தது. 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது விண்டோஸோடு பாஸ் லினக்ஸையும் சேர்த்துப் போட்டுக் கொடுத்தார்கள். மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சிடாக் உருவாக்கியது, டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. டெல்டாவில் எத்தனை வீட்டுப் பரணில் அந்த லேப்டாப்கள் கிடக்கின்றனவோ, அவற்றில் எத்தனையில் இந்தப் பெயரில்லாக் கட்டம் யாரும் தொடாமல் இருக்கிறதோ! அத்தானிடம் கேட்டேன், ஆன் செய்யும்போது ஏதாவது பட்டியல் வருமா என்று. "அந்தக் கருப்பு ஸ்க்ரீனா? ஆமா, நான் எப்பவும் கீழ் அம்பை அழுத்தி விண்டோஸுக்குப் போயிருவேன்" என்றார், வருடக்கணக்காக அப்படித்தான் போய்க்கொண்டிருந்திருக்கிறார்.

அந்தக் கருப்பு ஸ்க்ரீன்தான் க்ரப், லினக்ஸா விண்டோஸா என்று கேட்டு அதைத் தொடங்கி வைக்கிற நிரல். அதன் முதல் சிறு துணுக்கு டிஸ்க்கின் தொடக்கத்தில் இருக்கும், மிச்ச உடம்பெல்லாம் அந்த 83-க்குள் இருக்கும். கடைக்காரர் 83-ஐ அழித்திருந்தால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது, ஷட் டவுன் செய்து மறுபடி ஆன் செய்யும்போது "க்ரப் ரெஸ்க்யூ" என்று ஒரு வரி வந்து நின்றிருக்கும். விண்டோஸ் பத்திரமாகத்தான் இருக்கும், ஆனால் அதற்குப் போகிற வழி இருக்காது. வாடகைக் கணக்கு போச்சு என்று அத்தான் தலையில் கை வைத்திருப்பார், கடையில் "டிஸ்க் போயிருச்சு, மொத்தமா ஃபார்மட் பண்ணணும்" என்று சொல்லியிருப்பார்கள். இப்படி ஃபார்மட் ஆன மெஷின்கள் எத்தனையோ.

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க நான் லினக்ஸ் மின்ட் போட்ட பென்டிரைவில் பூட் செய்தேன், இன்ஸ்டால் செய்யாமலேயே எல்லாப் பார்ட்டிஷனையும் திறந்து காட்டும். விண்டோஸுக்குள் இருந்தே பார்க்க வேண்டுமென்றால் லினக்ஸ் ரீடர் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது, அது படிக்க மட்டும் செய்யும், எழுதாது, இந்த வேலைக்கு அதுதான் நல்லது. ஹோம் ஃபோல்டருக்குள் அத்தான் தங்கையின் பெயரில் ஒரு கணக்கு இருந்தது. காலேஜ் ரெக்கார்டு, செமினார் பேப்பர், பாதி எழுதிய ஒரு வேலை விண்ணப்பம், அப்புறம் கேமராவிலிருந்து இறக்கிய படங்கள் ஒரு ஃபோல்டர். தோப்பு முழுக்கத் தென்னை நிற்கிற படங்கள், 2018 நவம்பரில் கஜா புயல் அடிப்பதற்கு முன்னால் எடுத்தவை. கரூருக்குப் போன் போட்டால், "அது அழிஞ்சு போச்சுன்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள் அவள். எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் காப்பி எடுத்தாயிற்று.

பார்ட்டிஷனே தெரியாத டிஸ்க்குகளும் உண்டு. மன்னார்குடியில் ஒரு ரைஸ் மில்லில் சிசிடிவி டிவிஆர் பழுதாகிவிட்டது என்று உள்ளே இருந்த டிஸ்க்கைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் மாட்டினார்கள், "இனிஷியலைஸ் டிஸ்க்" என்று கேட்டது. பல டிவிஆர்கள் தங்களுக்கென்று ஒரு முறையில் எழுதுவதால் விண்டோஸுக்கு அது வெறும் டிஸ்க்காகவே தெரியும். அங்கே ஓகே கொடுத்தால் டிஸ்க்கின் தொடக்கத்தில் புது அட்டவணையை எழுதிவிடும், பதிவுகளை எடுப்பது அதற்கப்புறம் இன்னும் கஷ்டம். கல்யாண ஸ்டூடியோவில் மேக்கில் காப்பி செய்து கொடுக்கிற டிஸ்க்கும் இதே மாதிரி மிரட்டும், ஸ்டூடியோவுக்கே திருப்பிக் கொண்டுபோய் மேக், விண்டோஸ் இரண்டும் படிக்கிற எக்ஸ்ஃபேட்டில் போட்டு வாங்கிக்கொள்வது சுலபம்.

இனி அத்தான் கேட்ட கேள்வி, அழிக்கலாமா? அழிக்கலாம், ஆனால் வரிசை முக்கியம். முதலில் காப்பி. அப்புறம் விண்டோஸ் 7 பூட் ஆகிற பென்டிரைவையோ ரிப்பேர் டிஸ்க்கையோ போட்டு, கமாண்ட் ப்ராம்ப்ட்டில் பூட்ரெக் என்று அடித்து, இடைவெளி விட்டுச் சாய்வுக் கோடு போட்டு ஃபிக்ஸ்எம்பிஆர் (bootrec /fixmbr). க்ரப்பின் முதல் துணுக்குக்குப் பதில் விண்டோஸின் துணுக்கு அங்கே உட்காரும். விண்டோஸ் பூட் ஆகிற பார்ட்டிஷன் "ஆக்டிவ்" என்று இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்து, கருப்புப் பட்டியல் வராமல் நேராக விண்டோஸ் வந்தால் மட்டும் 83, 82 இரண்டையும் அழிக்கலாம். புது ஜிபிடி மெஷினில் இவ்வளவு பயம் தேவையில்லை, க்ரப் தடுமாறினாலும் பூட் மெனுவில் விண்டோஸ் பூட் மேனேஜரைத் தேர்ந்தெடுத்து உள்ளே போய்விடலாம்.

அழித்த பிறகும் அந்த இடம் எக்ஸ்டெண்டடுக்குள் இளம்பச்சையாகத்தான் நிற்கும். எக்ஸ்டெண்டடையும் அழித்தால்தான் கருப்பாகும், அதாவது எதற்கும் ஒதுக்காத இடமாகும், அப்போதும் பக்கத்தில் ஒட்டியிருக்கிற டி-யோடுதான் சேர்க்க முடியும். சி-க்கும் அதற்கும் நடுவில் டி நிற்கிறது. அத்தானுக்கு இடம் வேண்டியிருந்ததோ சி-யில். டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்து பார்த்தோம், ஒரே டிராக்டர் வீடியோவே மூன்று தடவை இறங்கிக் கிடந்தது. அதையும் அது மாதிரி இன்னும் சிலதையும் தூக்கியதில் சிவப்பு போய்விட்டது, 83-ஐ அப்படியே விட்டுவிட்டோம்.