நொதியத்தில் செய்த மாத்திரை

நொதியத்தால், அதாவது உயிர்களுக்குள் இரசாயன மாற்றங்களை நடத்திவைக்கிற என்சைம் என்ற புரதத்தால், மருந்து செய்கிறார்கள் என்று சொன்னால் நம்மவர்கள் சிலர் உடனே கைமருந்து பக்கம் போய்விடுகிறார்கள், ஏதோ இயற்கையானது, சூடு செய்யாது என்று. அப்படி ஒன்றும் இல்லை. எப்படிச் செய்தாலும் கிடைக்கிற மூலக்கூறு ஒன்றுதான். மாறுவது தொழிற்சாலையில் நடக்கிற வேலை.

தோட்டத்து டிஸ்பென்சரியில் தொண்டைப் புண்ணுக்குக் கொடுக்கிற அமொக்சிசிலினையே எடுங்கள். முதலில் பூஞ்சணத்தை வளர்த்துப் பெனிசிலின் எடுக்கிறார்கள், அப்புறம் அதில் ஒரு பக்கத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு வேறொன்றை ஒட்ட வேண்டும். முன்பெல்லாம் இந்த வெட்டு வேலைக்கு மைனஸ் 40 பாகை வரைக்கும் குளிராக்கி, பொசுபரசு பென்டாகுளோரைட்டு, டைகுளோரோமெத்தேன் என்று மூக்கை அரிக்கிற சாமான்களை ஊற்றினார்கள். இப்போது பெனிசிலின் அசைலேசு என்ற நொதியம் வெறும் தண்ணீரில், நம் உடம்புச் சூட்டை ஒட்டிய வெப்பத்தில், அதே வெட்டை வெட்டிவிடுகிறது. அதைச் சின்னச் சின்ன மணிகளில் ஒட்டி வைத்திருப்பதால் வடிகட்டித் திரும்பத் திரும்பப் பாவிக்கலாம்.

தேயிலை பெக்டரியில் வேலை செய்தவர்களுக்கு இது புதினமில்லை. வாட்டிய கொழுந்தை ரோலரில் நசுக்கி விரித்துவிட்டால், இலைக்குள் இருக்கிற நொதியம் காற்றோடு சேர்ந்து, அடுப்பும் அமிலமும் இல்லாமலே, பச்சையைச் செம்பு நிறமாக்குகிறது. டீமேக்கர் ஒரு பிடி அள்ளி மணந்து பார்த்து, சரி, டிரையருக்கு விடு என்றால் அந்தச் சூட்டில் நொதியத்தின் கதை முடிந்தது.

கஷ்டம் என்னவென்றால், எல்லா மருந்துக்கும் பொருத்தமான நொதியம் இயற்கையில் கிடைக்காது. சீனி வருத்தத்துக்குக் கொடுக்கிற சிட்டாகிளிப்டினுக்கு அப்படித்தான். ஆரம்பத்தில் எடுத்த நொதியம் அந்த மூலக்கூறைத் தொடவே இல்லை. மேர்க், கொடெக்சிஸ் இரண்டு கம்பனிகளும் அதில் மாற்றங்கள் செய்து, நல்லதைத் தெரிந்து, மறுபடி மாற்றி, 27 இடங்களில் மாறிய ஒரு நொதியத்தை உருவாக்கி 2010இல் வெளியிட்டன. அதனால் ரோடியம் என்ற விலை கூடிய உலோகமும் உயர் அழுத்த ஐதரசனும் தேவையில்லாமல் போய், கழிவும் 19 சதவீதம் குறைந்தது. நொதியங்களை இப்படிப் படிப்படியாக வளர்த்தெடுக்கிற வழியைத் தொடக்கிவைத்த பிரான்சிஸ் ஆர்னோல்டுக்கு 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. கொடுக்க வேண்டியதுதான்.

ஆனாலும் நாம் ஒன்றுக்கு இரண்டாகப் போடுகிற பனடோல் இன்னும் பெற்றோலியத்தில் இருந்துதான் வருகிறது. எடின்பரோவில் பிளாஸ்டிக் போத்தல் கழிவை பக்டீரியாவுக்குக் கொடுத்து, பனடோலில் இருக்கிற பரசிட்டமோலை எடுத்திருக்கிறார்கள், 2025இல். அது இன்னும் ஆய்வுகூடத்தைத் தாண்டவில்லை.

என் சந்தேகம் வேறு இடத்தில். ஐதராபாத்துக்குப் பக்கத்தில் பட்டன்செருவில், மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவைச் சுத்திகரித்து வெளியே விட்ட தண்ணீரில், லீற்றருக்கு 31 மில்லிகிராம் வரைக்கும் சிப்ரோபுளொக்சசின் என்ற கிருமிகொல்லி மருந்து இருந்ததை 2007இல் ஓர் ஆய்வு காட்டியது. மருந்து குடித்த நோயாளியின் இரத்தத்தில்கூட அவ்வளவு இருக்காது. நொதியம் கரைப்பானைக் குறைக்கும், மின்சாரத்தைக் குறைக்கும், ஆனால் செய்த மருந்தே வாய்க்காலில் போனால் அது என்ன செய்யும்? இங்கே இலங்கையில், இரத்மலானையில் மாத்திரை அடித்தாலும் அதற்கு மூலப்பொருள் பெரும்பாலும் இந்தியாவிலும் சீனாவிலும் இருந்துதான் வருகிறது. வாங்கும்போது விலையோடு சேர்த்து, கழிவுத் தண்ணீரை எங்கே விடுகிறீர்கள் என்றும் கேட்டால் என்ன?