மீட்டர் 12.4 காட்டியது, டீசல் பம்ப் திறக்கவில்லை

சேற்றுழவின் நடுவில் டிராக்டர் நிற்பதற்கு ஆயிரம் காரணம் உண்டு. மாமாவின் வண்டி நின்ற விதம்தான் என்னை யோசிக்க வைத்தது. டீசல் சரியாக வராமல் நிற்கிற எஞ்சின் முதலில் திணறும். வேகம் ஏறும், இறங்கும், பிறகுதான் அடங்கும். இதுவோ சாவியைத் திருப்பி அணைத்ததுபோல ஒரே வெட்டாக நின்றது. அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி பிடித்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் உழும். திரும்பவும் அதே கதை.

எங்கள் ஊர் நீடாமங்கலத்துக்குப் பக்கம். வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்து, தண்ணீர் கல்லணையைத் தாண்டி, வெண்ணாறு மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்புக்கு வந்துவிட்டால், குறுவை நெல்லுக்கு உழ வண்டி கேட்டு ஆட்கள் வாசலில் நிற்பார்கள். அந்த நேரத்தில் கேஜ் வீல் (சேற்றுழவுக்கான இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டிய வண்டி வயலுக்கு நடுவே உயிரை விட்டால், அதை வெளியே இழுக்க இன்னொரு வண்டி வேண்டும். அந்த இன்னொரு வண்டியும் யாருடைய வயலிலோ உழுதுகொண்டிருக்கும். டவுனில் ஒரு பட்டறையில் கேட்டதற்கு, “பம்பைக் கழற்றிக் கொண்டு வாருங்கள், பெஞ்சில் போட்டுப் பார்த்துவிடலாம்” என்றார்கள். மாமா அரை மனதோடு சரி என்றார். கழற்றுவதற்கு முன் ஒரு சாயங்காலம் எனக்குக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். மின்சாரப் பழுதைத் தேடுவது எனக்குப் பொழுதுபோக்கு. வீட்டில் அதை வேறு பெயர் சொல்லி அழைக்கிறார்கள்.

டீசல் பக்கத்தை முதலில் முடித்தேன். டேங்க் மூடியின் காற்றுத் துளை திறந்திருந்தது, பில்டர் புதியது, டீசல் குழாயிலிருந்து காற்றை வெளியேற்றிப் பார்த்ததில் குமிழி இல்லை.

இந்த வண்டியில் இருப்பது ரோட்டரி வகை பம்ப். அதன் தலைப்பகுதியில் கட்டைவிரல் பருமனில் ஒரு சோலனாய்டு, அதாவது மின்காந்த வால்வு, திருகியிருக்கிறது. சாவியைப் போட்டால் அதற்கு மின்சாரம் போகும். உள்ளே இருக்கும் சின்னத் தண்டு பின்னுக்கு இழுபட்டு டீசல் வழி திறக்கும். மின்சாரம் அறுந்தால் ஸ்பிரிங் தண்டைத் தள்ளி வழியை அடைத்துவிடும். சாவியைத் திருப்பியதும் வண்டி அணைவது இதனால்தான். கம்பியை இழுத்து நிறுத்துகிற பழைய வண்டிகளில் இந்தத் தொல்லையே கிடையாது. ஒரே வெட்டாக நிற்கிறது என்றால் முதல் சந்தேகம் இந்தச் சோலனாய்டின் மேல்தான் விழ வேண்டும்.

எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் போட்டுவிட்டுப் பம்பின் பக்கத்தில் காதை வைத்தேன். நல்ல சோலனாய்டு ‘டக்’கென்று அடிக்கும். இதில் சோம்பலாக ஒரு ‘ட்க்’ வந்தது. வண்டி சூடாக இருக்கும்போது அதுவும் இல்லை. ஒயரைக் கழற்றி அதன் முனையில் மீட்டர் வைத்தால் 12.4 வோல்ட். பேட்டரியிலும் 12.4. மின்சாரம் ஒழுங்காக வருகிறது, ஆகவே சோலனாய்டுதான் போய்விட்டது என்று பலரும் முடிவு கட்டுவது இந்த இடத்தில்தான். புதியது வாங்கிப் போட்டிருந்தால் காசுதான் போயிருக்கும்.

மீட்டர் பொய் சொல்லாது. ஆனால் கழற்றிய ஒயரில் அது எடுக்கிற மின்னோட்டம் இல்லை என்றே சொல்லலாம். பத்து இழை ஒயரில் ஒன்பது இழை அறுந்து ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தாலும் 12.4 காட்டும். வாய்க்காலின் மேல் போட்ட மூங்கில் பாலம் தாங்குமா என்பது கால் வைத்தால்தானே தெரியும். அதனால் ஒயரைத் திரும்ப மாட்டி, சோலனாய்டு வேலை செய்யும் நிலையிலேயே அதன் முனைக்கும் பம்ப் உடம்புக்கும் இடையே அளந்தேன். 7.6 வோல்ட். 4.8 வோல்ட்டை வழியில் யாரோ சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

மீட்டர் இல்லாதவர்களுக்கு இண்டிகேட்டர் பல்பு போதும். 12 வோல்ட்டில் 21 வாட் பல்பு ஏறக்குறைய 1.75 ஆம்பியர் எடுக்கும். இந்தச் சோலனாய்டு எடுப்பதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். கழற்றிய ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவே பல்பை வைத்தால், கோளாறு இருக்கிற வழியில் அது மங்கலாக எரிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

இனி வேலை, 4.8 எங்கே போனது என்று பங்கு பிரிப்பது. சாவி போட்டபடி இருக்க, மீட்டரின் ஒரு முனையை ஒவ்வொரு இணைப்பின் இந்தப் பக்கமும் மற்றதை அந்தப் பக்கமும் வைத்து அளந்துகொண்டே போனேன். எதிலும் வீணாகாவிட்டால் பூஜ்ஜியத்தை ஒட்டி வரும். எர்த் பக்கம், அதாவது பம்ப் உடம்பிலிருந்து பேட்டரியின் மைனஸ் வரை, 0.1. ஃபியூஸ் பெட்டி 0.1. சாவி சுவிட்ச் 0.3. மிதிபலகைக்குக் கீழே, கிளட்ச் கூட்டின் ஓரமாகக் கட்டியிருந்த கப்ளரில் (இரண்டு ஒயர்களைச் சேர்க்கும் பிளக்), குண்டூசியைப் பின்பக்கமாகச் செருகி வைத்தேன். 4.3.

பிரித்துப் பார்த்ததும் கணக்கு கண்ணுக்கே தெரிந்தது. ரப்பர் சீல் காணோம். உள்ளே ஒயர்களைச் சேர்க்கும் உலோகப் பின் முழுக்கப் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. அதைச் சுற்றிய வெள்ளை பிளாஸ்டிக் காபி நிறமாகப் பழுத்து, ஓரம் சற்றே இளகி மடிந்திருந்தது. சோலனாய்டின் சுருள் 8 ஓம், 7.6 வோல்ட்டில் அது எடுத்தது 0.95 ஆம்பியர். அதே ஓட்டம் கப்ளர் வழியாகவும் போனதால் 4 வாட் வெப்பம் அந்த ஒற்றைப் பின்னில் இறங்கியிருக்கிறது. சூடாகச் சூடாகப் பிடிப்பு தளரும், தடை கூடும். ஒரு மணி நேரத்தில் நின்று, ஆறியதும் பிடித்ததன் காரணம் இதுதான்.

ஆறிய பிறகு 7.6 வோல்ட்டிலும் வண்டி எப்படி ஓடியது என்று மாமா கேட்டார். நல்ல கேள்வி. தண்டை முதலில் இழுக்கத்தான் வலு வேண்டும். இழுபட்டு இடைவெளி மூடிவிட்டால் பிடித்து வைக்கக் குறைந்த வோல்ட்டே போதும். ஓடும்போது டைனமோவும் 14 வோல்ட் வரை கொடுக்கும். செல்ஃப் அடிக்கிற நேரத்திலோ பேட்டரி 10 வோல்ட்டுக்கு இறங்கிவிடும், அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கப்ளர் விழுங்கினால் மிச்சம் என்ன இருக்கும்?

கேஜ் வீல் அள்ளி வீசுகிற சேறு நேராக அந்த இடத்தில்தான் அடிக்கிறது. சாயங்காலம் குழாய் வைத்துக் கழுவும் தண்ணீர் இன்னும் உள்ளே போகிறது. போதாததற்கு வண்டி நிற்பது மாட்டுக் கொட்டகைக்கு அடுத்து. மாட்டு மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா செம்பைத் தின்றுவிடும்.

“இந்தப் பச்சைக்காகவா மாப்பிள்ளை பம்பையே கழற்றச் சொன்னார்கள்?” என்றார் மாமா.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டிவிடலாம் என்பது அவர் யோசனை. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை; தேய்த்தால் முலாம் போய்விடும், அடுத்த மழைக்கே பச்சை திரும்பி வரும். இரண்டு பக்கமும் கருத்த ஒயரை வெட்டி, பளபளப்பான செம்பு தெரிகிற வரை பின்னுக்குப் போய், சீல் வைத்த புதிய கப்ளரைக் கிரிம்ப் செய்தேன், அதாவது ஒயரோடு நசுக்கிப் பொருத்தினேன். ஈயம் வைக்கவில்லை. டிராக்டரின் அதிர்வில், ஈயம் ஊறி விறைத்த இடத்துக்கு அடுத்தாற்போல ஒயர் ஒடியும். வாஸ்லைன் தடவி மூடி, மிதிபலகைக்குக் கீழிருந்து எடுத்து டாஷ்போர்டின் உட்பக்கம் உயர்த்திக் கட்டினேன்.

இப்போது சோலனாய்டில் 11.6 வோல்ட். ‘டக்’ சத்தம் கொட்டகைக்கு வெளியே நின்றாலும் கேட்கிறது. மறுநாள் மதியம் வரை நிற்காமல் உழுதது.

சாவி சுவிட்சில் மட்டும் 0.3 இருந்தது 0.5 ஆகியிருக்கிறது. அது புதிதாகக் கெட்டுவிடவில்லை. ஓட்டம் கூடியதால் அதன் பழைய தடை இப்போது பெரிதாகத் தெரிகிறது. ரிலே (சின்ன மின்னோட்டத்தில் இயங்கும் சுவிட்ச்) ஒன்று வைத்துச் சுமையைச் சாவியிலிருந்து இறக்கலாம், ஆனால் ரிலே என்றால் சேற்றில் இன்னும் நான்கு இணைப்புகள். அதைவிடச் சுவிட்சையே மாற்றுவது மேல். குறுவை நடவு முடிந்து வண்டி ஓய்ந்ததும், அடுத்த போகமான தாளடி உழவுக்கு முன்னால் அதை மாற்றிவிட்டு மறுபடி அளந்து பார்க்க வேண்டும்.