கொம்பும் காலும்: ஒரு வாசிப்புக் குழுவின் நாட்குறிப்பு

6 ஜூலை 2024, சனி

பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையத்தில் கூடினோம். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் ஒன்றியத்தின் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் சேர்ந்து நடத்தும் குழு இது. மூன்றாம், நான்காம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக் கூட்டத் திணறுகிற பிள்ளைகளைத் தாமாக வாசிக்க வைப்பதுதான் வேலை. பேசி முடிவெடுத்ததையும் பள்ளியில் செய்துபார்த்ததையும் இங்கே எழுதிவைக்கிறோம்.

முதலில் யார் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்று தெரிய வேண்டும். பிள்ளைகளின் வாசிப்பை வீடு வீடாகப் போய்ச் சோதிக்கும் அசர் (ASER) ஆய்வில் கையாளும் முறையே போதும். ஒரு பிள்ளையிடம் முதலில் நான்கு வரிப் பத்தியைக் கொடுக்க வேண்டும். மூன்று பிழைக்குள் வாக்கியமாகப் படித்தால் அடுத்து கதை. பத்தியில் தடுமாறினால் சொற்கள், அதிலும் முடியாவிட்டால் எழுத்துகள். ஐந்தில் நான்கு சரியாக வந்தால் அந்தப் படி தேறியதாகக் கொள்ளலாம். ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.

கெடுவது எங்கே என்றால், வகுப்பு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கச் சோதிக்கும்போது. பக்கத்தில் இருப்பவன் முணுமுணுப்பான், இவன் அதை வாங்கிச் சொல்வான். தாழ்வாரத்தில் தனியே உட்காரவைத்துக் கேட்க வேண்டும். பாடப்புத்தகத்துப் பத்தியைக் கொடுக்கவே கூடாது. பார்க்காமலே ஒப்பிக்கிற பிள்ளை 'கதைப் படி' என்று பதிவாகிவிடும், பிறகு அந்தப் பிள்ளைக்கு யாரும் எழுத்தைச் சொல்லித்தர மாட்டார்கள். சந்தேகம் வந்தால் பத்தியின் கடைசி வரியிலிருந்து ஒரு சொல்லைத் தொட்டுக் கேட்டால் தெரிந்துவிடும்.

இன்னொன்றும் முடிவானது. 'பழம்' என்பதைப் 'பளம்' என்று படித்தால் அது வாசிப்புப் பிழை ஆகாது. வீட்டில் அப்படித்தான் பேசுகிறார்கள். கண் சரியான எழுத்தைப் பார்த்திருக்கிறது, நாக்குக்கு வேறு நேரத்தில் பயிற்சி கொடுக்கலாம். பிள்ளை தானாகத் திருத்திக்கொண்டால் அதுவும் சரிதான். சொல்லித்தருவதற்கு முன் மனத்துக்குள் ஐந்து வரை எண்ண வேண்டும். ஆசிரியர்களுக்கு இருப்பதிலேயே கடினமானது இந்த ஐந்து விநாடிதான்.

20 ஜூலை, சனி

எழுத்துப் படியில் நிற்கிற பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு உயிர் 12, மெய் 18 தலைகீழ்ப் பாடம். ஆனால் நடுவில் 'ந'வை மட்டும் காட்டினால் வாய்க்குள் 'க, ங, ச' என்று எண்ணிக்கொண்டே வந்துதான் அதைச் சொல்கிறார்கள். வரிசைதான் தெரிகிறது, உரு தெரியவில்லை. அதனால் எழுத்தைக் கலைத்துப்போட்டுத்தான் கேட்க வேண்டும்.

அடுத்த தடை 216 உயிர்மெய். இத்தனையையும் தனித்தனியே உருப்போட வேண்டியதில்லை, குறி பிடிபட்டால் போதும். சிக்கல் அந்தக் குறிகளில்தான் இருக்கிறது. துணைக்காலும் 'ர'வும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால் 'காகம்' 'கரகம்' ஆகிறது. கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. ஒ, ஓ வரிசையில் குறி இரண்டு பக்கமும் நிற்கிறது.

ஒரு சிறுமி 'கொக்கு' படிப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தால் எல்லாம் விளங்கும். விரல் கொம்பின் மேல் நிற்கிறது, உதடு அசையவில்லை. விரல் 'க'வுக்கு நகர்ந்ததும் "கெ" என்கிறாள். காலுக்கு நகர்ந்ததும் "ர". பிறகு "க்கு". 'கெரக்கு' என்று முடித்துவிட்டு அண்ணாந்து நம் முகத்தைப் பார்க்கிறாள். அப்படி ஒரு சொல் இல்லை என்று அவளுக்கே தெரிகிறது. ஒவ்வோர் உருவையும் அவள் ஒழுங்காகத்தான் படித்திருக்கிறாள். மூன்றும் சேர்ந்து ஒரே எழுத்து என்பதைத்தான் யாரும் அவளுக்குக் காட்டவில்லை.

அதற்கு ஓர் இழுவை அட்டை செய்தோம். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை நல்ல கனமாக இருக்கும். 15 செ.மீ. நீளம், 8 செ.மீ. உயரத்துக்கு வெட்டி, நடுவில் 4 செ.மீ. சதுரச் சன்னல் திறக்க வேண்டும். சன்னலின் இடப்பக்கம் ஒற்றைக்கொம்பு, வலப்பக்கம் துணைக்கால், இரண்டும் சிவப்பில். சன்னலுக்கு மேலும் கீழும் 4.5 செ.மீ. அகலத்துக்குக் கீறல். அதன் வழியே ஒரு பட்டை ஏறி இறங்கும். பட்டையில் க, த, ப, ம, ச, வ கறுப்பில். பட்டையை இழுக்க இழுக்க கொ, தொ, பொ, மொ என்று மாறும், சிவப்பு மாறாது. இரண்டு சிவப்பும் ஒரே குறி என்று கண்ணுக்குப் பழகிவிடும். இன்னோர் அட்டையில் இரட்டைக்கொம்பும் காலும்.

முதல் தடவை செய்ததில் கொம்பைச் சன்னலிலிருந்து தள்ளி எழுதிவிட்டோம், பிள்ளைகள் மறுபடியும் தனித்தனியாகவே படித்தார்கள். அரை செ.மீ.க்கு மேல் இடைவெளி கூடாது. வழவழப்பான அட்டையில் ஸ்கெட்ச் பேனா ஈஷிக்கொள்ளும், அழியாத மார்க்கர்தான் வேண்டும். 'ர'வின் கீழ்ச் சாய்வு வால் பளிச்சென்று தெரிய வேண்டும், காலுக்கு அது இருக்கவே கூடாது.

குறிகளைச் சொல்லித்தரும் வரிசை: கா, பிறகு கி கீ, பிறகு கெ கே கை, அப்புறம் கொ கோ. உகர வரிசை கடைசியில். அதில் ஒரே குறி என்பதே கிடையாது. கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு கூட்டம். சு, பு, யு, வு கோடு கீழே இறங்கும் கூட்டம். து, நு, ணு, னு, லு, று கோடு இறங்கி வளைந்து மேலேறும் கூட்டம். நாளைக்கு ஒரு கூட்டம் என்று பிரித்தால் குழப்பம் குறைகிறது. நெடிலில் 'கூ'வையும் 'சூ'வையும் தனியாகத்தான் காட்ட வேண்டும். ஔகார வரிசை சொற்களில் அரிதாகவே வருவதால் அவசரமில்லை.

ஒவ்வொரு நாளும் பத்து நிமிடம் அட்டை, உடனே சொல் ஜோடி: தொடு–தோடு, கொடு–கோடு, எடு–ஏடு, பெய்–பேய், படம்–பாடம், மடு–மாடு. பொருள் உள்ள சொல்லாகவே இருக்க வேண்டும். பொருள் தெரிந்தால்தான் தப்பாகப் படித்ததைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கும்.

12 ஆகஸ்ட், திங்கள்

இன்று தேசிய நூலகர் தினம், சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதனை நினைக்கும் நாள். 1931-இல் அவர் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் 'ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர்' என்பதும் ஒன்று. அதே ஆண்டில்தான் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் நூலகம் ஊர் ஊராகப் போனது. பீரோவில் பூட்டிய புத்தகத்துக்கு வாசகர் ஏது?

அதனால் புத்தகப் பை. கெட்டித் துணிப் பை ஒன்றில் 25 புத்தகம். பதினைந்து நாளைக்கு ஒரு முறை பை ஒரு பள்ளியிலிருந்து அடுத்த பள்ளிக்குப் போகும். தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்து நூல்களில் நுழை, நட, ஓடு, பற என்று படி போட்டிருப்பது பிரிக்க வசதி. பையில் பாதிக்கு மேல் 'நுழை', 'நட' இருக்க வேண்டும். பெரிய புத்தகமாகப் பார்த்து நிரப்பினால் பை அழகாக இருக்கும், பிள்ளை தொடாது.

பதிவேட்டில் மூன்றே கட்டம்: புத்தக எண், எடுத்தவர், திரும்பிய நாள். பிள்ளைகளே எழுதட்டும். கிழிந்தால் செலோ டேப் ஒட்டாதீர்கள். சில மாதத்தில் மஞ்சளாகி உரிந்து எழுத்தையும் பிய்த்துக்கொண்டு வரும். மெல்லிய டிஷ்யூ தாளும் கெட்டியாகக் கிண்டிய மைதாப் பசையும் போதும். பசை நீர்த்திருந்தால் தாள் சுருங்கும். புத்தகம் கட்டுபவர்கள் பூச்சிக்காக மயில்துத்தம் கலப்பார்கள், அது விஷம். பிள்ளைகள் கைபடும் புத்தகத்துக்கு வேண்டாம்.

கிழிந்ததற்கு அபராதம் என்று எந்தப் பள்ளியும் வசூலிக்கக் கூடாது என்பதில் குழு உறுதியாக இருக்கிறது. அபராதம் வந்தால் மறுநாளே புத்தகம் வீட்டுக்குப் போவது நின்றுவிடும்.

24 ஆகஸ்ட், சனி

புத்தகம் போதவில்லை. ஸ்டோரிவீவர் என்ற சிறுவர் கதை இணையதளத்தில் தமிழ்க் கதைகள் படிவாரியாக இருக்கின்றன, திறந்த உரிமம் என்பதால் அச்சிட்டுக்கொள்ளலாம். எழுதியவர், வரைந்தவர் பெயர் உள்ள பக்கத்தை விட்டுவிடக் கூடாது.

16 பக்கக் கதைக்கு நான்கு ஏ4 தாள், இரு பக்க அச்சு. அச்சு அமைப்பில் 'புக்லெட்' தேர்ந்தெடுத்து, தாளைக் குறுகிய பக்கமாகத் திருப்பும்படி வைக்க வேண்டும். நீளப் பக்கமாக வைத்தால் ஒன்றுவிட்டு ஒரு பக்கம் தலைகீழாக வரும். நடு மடிப்புக்குச் சாதாரண ஸ்டேப்ளர் எட்டாது. அதை முழுக்க விரித்து, தாளுக்கு அடியில் அழிரப்பர் வைத்து அழுத்தி, பின்னின் கால்களைக் கையால் மடக்கலாம். கூர்முனை உட்பக்கமே இருக்கட்டும்.

நாமே தட்டச்சு செய்கிற கதை என்றால் பிடிஎஃப் ஆக்கித்தான் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு அந்தக் கணினியில் இல்லாத எழுத்துருவைத் தேடிக் கன்னாபின்னாவென்று வரும். கொம்பு ஒரு வரியிலும் எழுத்து அடுத்த வரியிலுமாக அச்சானதை ஒரு முறை தூக்கிப்போட வேண்டியிருந்தது. ஜூலை முழுவதும் சேர்த்துப் படிக்கப் பழக்கியதை அது ஒரே பக்கத்தில் கலைத்துவிடும்.

8 செப்டம்பர், ஞாயிறு

உலக எழுத்தறிவு நாள். பேரணி, பதாகை வேண்டாம் என்று சாயங்காலம் ஊர்மந்தையில் பாய் விரித்து வாசிப்பு வைத்தோம்.

இந்த மாவட்டத்துக்கு அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தின் நினைவு உண்டு. 1990-களின் தொடக்கத்தில் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்ட பெண்கள் இன்று பாட்டிகள். படித்த பழக்கம் விட்டுப்போனவர்களும் பெரிய எழுத்தில் கொடுத்தால் கூட்டிப் படிக்கிறார்கள். பாட்டியும் பேத்தியும் ஒரே புத்தகத்தில் ஆளுக்கொரு பக்கம் என்று உட்காரவைத்தோம். எழுத்தின் அளவு 20 புள்ளிக்கு (பாயிண்ட்) குறையக் கூடாது, விளக்கு முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும், அரை மணிக்கு மேல் இழுக்கக் கூடாது.

ஓர் எதிர்பாராத சந்தேகம் வந்தது. கோயில் உபயக் கல்லில் 'னை', 'றா' எல்லாம் வேறு உருவில் இருக்கிறதே என்று பிள்ளைகள் கேட்டார்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய உரு அது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகியவற்றின் பழைய வடிவத்தை ஒரு தாளில் எழுதிக் காட்டினால் போதும். பாட்டிகளே எழுதிக் காட்டிவிட்டார்கள்.

19 அக்டோபர், சனி

உரக்க வாசித்தல். தினமும் 12 நிமிடம், முதல் பாடவேளையில். ஆசிரியர் முந்தைய நாளே ஒரு முறை வாய்விட்டுப் படித்திருக்க வேண்டும். படம் பிள்ளைகள் பக்கம் இருக்க, விரல் வரிக்குக் கீழே சொல் சொல்லாக ஓட வேண்டும். நடுவில் ஒரே ஒரு கேள்வி: "அடுத்து என்ன நடக்கும்?" முடிந்ததும் 'இந்தக் கதையின் நீதி என்ன?' என்று கேட்பதை விட்டுவிடச் சொல்லியிருக்கிறோம். அதைக் கேட்டதும் முகங்கள் தேர்வுக்கு மாறிவிடுகின்றன. அதே கதையை மறுநாளும் படிக்கலாம், மூன்றாம் நாள் பிள்ளைகளே கூடச் சேர்ந்து படிப்பார்கள்.

16 நவம்பர், சனி

நூலக வாரம். கிளை நூலகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப்போய் உறுப்பினர் ஆக்கும் வேலை நடக்கிறது. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-இல் சென்னை மாகாணத்தில் வந்தது. அந்தச் சட்டத்தின் பயன் மூன்றாம் வகுப்புப் பிள்ளை வரை எட்ட வேண்டும்.

மழையில் ஒரு பை நனைந்துவிட்டது. வெயிலில் போட்டால் அட்டை வளையும், தாள் அலையலையாகும். பத்துப் பக்கத்துக்கு ஒரு செய்தித்தாள் துண்டு வைத்து, புத்தகத்தை விசிறிபோல் விரித்து மின்விசிறிக்குக் கீழே நிறுத்தி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தாளை மாற்ற வேண்டும். காய்ந்த பிறகு மேலே கனம் வைக்கலாம். ஈரத்தோடு அடுக்கினால் பூசணம் பிடித்து மற்றதற்கும் பரவும். இனி பைக்குள் ஒரு பெரிய பாலித்தீன் உறை இருக்கும்.

7 டிசம்பர், சனி

அரையாண்டுத் தேர்வுக்கு முன் மறுசோதனை. ஜூலையில் கொடுத்த பத்தி வேண்டாம், அதே அளவுள்ள வேறு பத்தி. சோதிப்பவர் வேறு பள்ளி ஆசிரியராக இருக்க வேண்டும். சொந்த வகுப்பென்றால் கை தானாக ஒரு படி ஏற்றிப் போட்டுவிடும்.

'கெரக்கு' சிறுமி இன்று 'கொடியில் கோவைப்பழம்' என்ற வரிக்கு வந்தாள். கொம்பில் நின்று, ஆள்காட்டி விரலையும் நடு விரலையும் விரித்து மூன்று உருவையும் மூடி, கொஞ்சம் பொறுத்து, "கொடி" என்றாள். அடுத்த சொல்லுக்கு விரலே தேவைப்படவில்லை. பழத்தைப் 'பளம்' என்றாள். சரி என்று குறித்தோம்.

உகர வரிசையில் மூன்றாம் கூட்டம் இன்னும் பல பள்ளிகளில் தடுக்குகிறது. ஜனவரியில் 'து, நு, ணு'வுக்குத் தனி இழுவை அட்டை வேண்டும். பத்திரிகை அட்டை இருப்பவர்கள் அடுத்த கூட்டத்துக்கு எடுத்து வரவும்.